ஜேம்ஸ் மேடிசன் அணியின் கடைசி எஃப்.சி.எஸ். சீசன்: நான் பார்த்தது

2021-இல் வேலை காரணமாக வர்ஜீனியாவில் ஹாரிசன்பர்க்கில் குடியிருந்தேன். ஷெனண்டோவா பள்ளத்தாக்கில் இருக்கும் அந்த ஊருக்கு ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகம்தான் எல்லாம். அதன் அமெரிக்க ஃபுட்பால் அணி அப்போது எஃப்.சி.எஸ்.ஸில், அதாவது கல்லூரி ஃபுட்பாலின் முதல் தரத்தில் கீழ்ப் பிரிவில், ஆடிக்கொண்டிருந்தது. மேட்ச் நாளன்று காலையிலேயே ஊதாச் சட்டைக்காரர்கள் கார் நிறுத்துமிடத்தில் கிரில் அடுப்பைப் பற்றவைத்துவிடுவார்கள். எனக்கு அமெரிக்க ஃபுட்பால் அப்போது பிடிபடவில்லை. அலுவலகத்தில் கூட வேலை பார்த்த ஒரு பெரியவர் பிரிட்ஜ்ஃபோர்த் மைதானத்துக்கு அழைத்துப்போய், பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். அப்புறம் விட முடியவில்லை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. அணி டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்குள் கொண்டுபோய் எடுக்கும் புள்ளி) போட்டதும் கேலரியிலிருந்து ஊதா, தங்க நிறக் காகிதச் சுருள்கள் நூற்றுக்கணக்கில் பறக்கும். ஒருமுறை முன்வரிசைப் பாட்டி ஒருவரின் கம்பளித் தொப்பியில் ஒன்று சுற்றிக்கொண்டது. அவர் அதை எடுக்கவே இல்லை, இடைவேளை வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அப்போது கர்ட் சிக்னெட்டி பயிற்சியாளர், கோல் ஜான்சன் குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதலை நடத்துபவர். அக்டோபரில் சொந்த மண்ணிலேயே வில்லனோவாவிடம் 28-27 என்று ஒரே புள்ளியில் தோற்றார்கள். வழக்கமான சீசனில் அதைத் தவிர எல்லாமே வெற்றி. நவம்பர் 6 அன்று, சன் பெல்ட் என்ற கான்ஃபரன்ஸில் (பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஆடும் கூட்டமைப்பு) சேர்ந்து எஃப்.பி.எஸ். என்ற மேல் பிரிவுக்குப் போகிறோம் என்ற அறிவிப்பு வந்தது. அதே நாளில் கேம்ப்பெல்லை 51-14 என்று அடித்தார்கள். ஊரே கொண்டாடியது.

பெரியவருக்கும் சந்தோஷம்தான். ஆனால் இனி டிசம்பரில் இங்கே மேட்ச் இருக்காதே என்றார். அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. எஃப்.சி.எஸ்.ஸில் 24 அணிகள் பிளேஆஃபுக்கு, அதாவது பட்டத்துக்கான நாக்அவுட் சுற்றுக்கு, போகும். அரையிறுதி வரை ஆட்டங்கள் ஏதாவது ஒரு அணியின் சொந்த மைதானத்தில்தான் நடக்கும். மேல் பிரிவில் அப்போது நான்கே அணிகளுக்குத்தான் சாம்பியன் பட்ட வாய்ப்பு. மற்றவர்களுக்கு எங்கோ ஒரு ஊரில் ஒரு பவுல் ஆட்டம் (சீசன் முடிவில் நடக்கும் தனி ஆட்டம்), அதோடு சரி. 2004-லும் 2016-லும் தேசியப் பட்டம் வாங்கிய அணிக்கு இது சின்ன இழப்பு இல்லை.

இன்னொன்றும் நடந்தது. ஜேம்ஸ் மேடிசன் அதுவரை இருந்த கான்ஃபரன்ஸ் சி.ஏ.ஏ. விலகிப்போகும் பல்கலைக்கழகத்தின் அணிகளுக்குத் தன் பட்டப் போட்டிகளில் இடம் தருவதில்லை என்று அதற்கு அப்போது ஒரு விதி இருந்தது. ஃபுட்பாலுக்குப் பொது ஒதுக்கீட்டில் (கான்ஃபரன்ஸ் வழியாக இல்லாமல் தேர்வுக்குழு தருவது) பிளேஆஃப் இடம் கிடைத்துவிட்டது. கூடைப்பந்து, சாஃப்ட்பால் ஆடிய பெண்களுக்கு அந்த ஆண்டு கான்ஃபரன்ஸ் பட்டம் இல்லை என்றாகிவிட்டது. முடிவெடுத்தது அவர்கள் இல்லை, விலை கொடுத்தது மட்டும் அவர்கள். எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

டிசம்பர் 10, வெள்ளிக்கிழமை இரவு, காலிறுதிக்கு மொன்டானா வந்தது. அந்த செப்டம்பரில் மேல் பிரிவு அணியான வாஷிங்டனையே 13-7 என்று வீழ்த்தியவர்கள். அவர்களை 28-6 என்று மடக்கிப் போட்டது நம் தற்காப்பு. பெரியவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இது வாடகை மைதானம் இல்லை, நம்ம ஊர். ஆடும் பையன்களை வாரநாளில் மளிகைக் கடையில் பார்த்திருப்போம். மேட்ச் முடிந்தும் யாரும் கிளம்பவில்லை, அந்தக் குளிரிலும் நின்றுகொண்டே இருந்தார்கள்.

அடுத்த வெள்ளி ஃபார்கோவில் நார்த் டகோட்டா ஸ்டேட்டிடம் 20-14 என்று தோற்றார்கள். பட்டம் கடைசியில் அவர்களுக்கே போனது. 12 வெற்றி, 2 தோல்வி, இரண்டு தோல்விக்கும் சேர்த்து வித்தியாசம் 7 புள்ளிதான்.

மறுவருடம் மேல் பிரிவிலும் அசத்தினார்கள். அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் 28-3 என்று பின்தங்கி, அங்கிருந்து 32-28 என்று ஜெயித்த ஆட்டத்தை மறக்கவே முடியாது. 8-3 என்று முடித்தும், புதிதாக மேலே வரும் அணிகளுக்கான மாறும் காலத்து விதியால் சன் பெல்ட் இறுதியாட்டத்துக்கும் பவுலுக்கும் போக முடியவில்லை.

சாம் ஹூஸ்டன், ஜாக்சன்வில் ஸ்டேட் அணிகளும் 2023-இல் இதே வழியில் மேலே போயின. அந்தப் பக்கம் இருந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். உங்கள் ஊரில் டிசம்பர் எப்படிப் போனது?