தன்னார்வலர் தம் காரில் மின்னும் விளக்கும் சைரனும் பொருத்தலாமா?

செங்காங்வாசி:
வணக்கம். சிபிஆர் எனும் இதய இயக்க மீட்புப் பயிற்சி முடித்து, சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் மைரெஸ்பாண்டர் செயலியில் தன்னார்வலராகப் பதிந்துள்ளேன். சென்ற மாதம் ஓரிரவு, பக்கத்து வட்டாரத்தில் ஒருவருக்கு இதயத்துடிப்பு நின்றுவிட்டதாகத் தகவல் வந்தது. உடனே காரை எடுத்தேன். சிக்னலில் நின்று, நிறுத்த இடம் தேடி நான் போய்ச் சேர்வதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. அந்தத் தாமதம் இன்னும் மனத்தை உறுத்துகிறது. இணையத்தில் விற்கும் நீல விளக்கையும் சிறிய சைரனையும் வாங்கி, இத்தகைய அழைப்புகளுக்கு மட்டும் பயன்படுத்தினால் சட்டம் இடம் கொடுக்குமா?

பட்டறை அனுபவசாலி:
இடம் கொடுக்காது. 1961ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் அதன்கீழ் வரும் விதிகளும் சைரனையும் சிவப்பு, நீல மின்னும் விளக்குகளையும் காவல்துறை, தீயணைப்பு, ஆம்புலன்ஸ் போன்ற அவசர வாகனங்களுக்கென்றே ஒதுக்கியுள்ளன. சாலைப் பராமரிப்பு வண்டிகளிலும் பழுதான வாகனத்தை இழுத்துச் செல்லும் வண்டிகளிலும் நீங்கள் காணும் செம்மஞ்சள் விளக்கு வழிகேட்பதற்கானது அன்று, எச்சரிப்பதற்கானது. எப்போதாவதுதான் போடுவேன் என்பதும் எடுபடாது, ஏனெனில் நிலப் போக்குவரத்து ஆணையம் அனுமதிக்காத மாற்றத்தை வாகனத்தில் செய்வதே குற்றம். பொருத்திக் கொடுக்கும் பட்டறையும் பொறுப்பேற்க நேரிடும் என்பதால், இப்படிக் கேட்டு வருபவர்களை நான் திருப்பியே அனுப்பியிருக்கிறேன்.

மூத்த தன்னார்வலர்:
தம்பி, உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் விளக்கு உங்களுக்கு உதவாது. செயலி நம்மை அழைப்பது ஏறத்தாழ 400 மீட்டருக்குள் நடக்கும் சம்பவங்களுக்கு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிப் பேட்டைக்குள் அந்தத் தூரத்தை ஓடிக் கடப்பதே பெரும்பாலும் விரைவானது. நேரத்தைத் தின்பது சாலை அன்று, மின்தூக்கிக்குக் காத்திருப்பதும் வீட்டு எண்ணைத் தேடுவதும்தான். இரண்டு புளோக்குக்கு ஒன்று என்ற கணக்கில், இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏஇடி கருவிகள் கீழ்த்தளத்து மின்தூக்கிக் கூடத்தில் வைக்கப்பட்டுள்ளன. அதை எடுத்துக்கொண்டு ஓடுபவரே நோயாளிக்கு உண்மையில் வேண்டியவர். ஏஇடி கருவியை வண்டியிலேயே வைத்துக்கொண்டு உதவச் செல்லும் டாக்சி ஓட்டுநர்கள்கூட சைரன் இல்லாமல்தான் செல்கிறார்கள்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். சைரன் கேட்டதும் ஓட்டுநர்கள் தயங்காமல் ஒதுங்குவது, அதற்குப் பின்னால் ஓர் உயிர் இருக்கிறது என்று நம்புவதால். ஆளாளுக்கு ஒலித்தால் அந்த நம்பிக்கை தேய்ந்து, நாளை உண்மையான ஆம்புலன்சுக்கு வழி கிடைக்கத் தாமதமாகும்.

திருச்சிக்காரர்:
இந்தியாவில் 2017 மே 1 முதல் அமைச்சர்களின் கார்களிலிருந்தே சிவப்புச் சுழல்விளக்கை அகற்றினார்கள். அவசர சேவைகளுக்கு மட்டும் விளக்கு இருந்தால் போதும் என்ற முடிவை அன்று நான் மனதார வரவேற்றேன்.

செங்காங்வாசி:
அனைவருக்கும் நன்றி. விளக்கு வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். எங்கள் புளோக்கில் ஏஇடி இல்லை. அடுத்த புளோக்கின் மின்தூக்கிக் கூடத்தில் இருப்பதை இன்று மாலை நேரில் சென்று பார்த்து வந்தேன்.