பழைய வண்டிக்காரங்க குழு: ஸ்பைடருக்கு டைமிங் பெல்ட்

கோகுல் திருப்பூர் (காலை 7:42): அண்ணங்களா, ஃபியட் 124 ஸ்பைடருக்கு டைமிங் பெல்ட் (கிராங்க் தண்டோட சுத்தை கேம்களுக்குக் கொண்டு போற பல்லு பெல்ட்) மாத்தோணும். 1995 சிசி ட்வின் கேம், அதாவது வால்வைத் திறக்கற கேம் தண்டு ரெண்டு. ஹெட்டு 1 மிமீ பேசிங் பண்ணது (அடிப்பக்கம் செதுக்கி இறக்கினது), ரெண்டு கேமும் ஹை லிஃப்ட் (வால்வை அதிகமாத் தள்றது), ரெண்டு வெபர் கார்புரேட்டர், எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்ப். பெல்ட் எந்த வருசம் போட்டதுன்னு ரசீது ஒண்ணும் இல்லீங்க. மூடியைக் கழட்டிப் பாத்தா விரிசல் இல்ல. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமுங்களா?

மணி பீளமேடு (7:50): ஓட்டாதீங்க தம்பி. விரிசலைப் பாத்து முடிவு பண்ற பெல்ட் இல்ல இது. ரப்பருக்குள்ள கண்ணாடி நூல் ஓடுது. மேல பளபளன்னு இருந்தாலும் உள்ள நூல் போயிருக்கும். தேதி தெரியலைன்னா காலாவதி ஆயிருச்சுன்னு வெச்சுக்கோங்க. 4 வருசம் இல்லைன்னா 40,000 கிமீ, அதுக்கு மேல நான் விடமாட்டேன். ஷெட்டுல சும்மா நின்ன வண்டிக்கும் வருசக் கணக்கு உண்டு.

கோகுல் திருப்பூர் (7:53): இந்த இன்ஜின்ல பெல்ட் அறுந்தாலும் வால்வு பிஸ்டன்ல அடிக்காதுன்னு ஒருத்தர் சொன்னாருங்ணா

செந்தில் பொள்ளாச்சி (7:58): கம்பெனியில இருந்து வந்தபடியே இருக்கற இன்ஜினைப் பத்தி யாரு என்ன சொன்னாலும் உங்களுக்கு அது ஆகாதுங்க. ஹெட்டை 1 மிமீ இறக்கியாச்சு, வால்வு பிஸ்டனுக்கு அந்தளவு கிட்ட வந்துருச்சு. லிஃப்ட் கூடுனது அதுக்கு மேல. இதுல இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் எதிரெதிரா சாஞ்சு நிக்குது, கேம் தனித்தனியா சுத்துனா ஒண்ணோட ஒண்ணு முட்டவும் வழி இருக்கு. வால்வு வளையும்னு நினைச்சுட்டே வேலை செய்யுங்க.

மணி பீளமேடு (8:01): ஆயில் பம்ப்பும் அதே பெல்ட்லதான் ஓடுது, ஆக்ஸ் ஷாஃப்ட் (பெல்ட் சுத்தற துணைத் தண்டு) வழியா. பெல்ட் போனா ஆயில் பிரஷரும் போச்சு.

ராமசாமி மாமா கோபி (8:03): 🌻 இனிய காலை வணக்கம் 🌻

செந்தில் பொள்ளாச்சி (8:04): மாமா, வணக்கமுங்க. பூ படத்தை அந்தக் குழுவுல போடுங்க, இங்க டைமிங் ஓடிட்டு இருக்கு 😄

கோகுல் திருப்பூர் (8:06): ஆக்ஸ் புல்லிக்கும் மார்க் பாக்கோணுமுங்களா? அது சும்மா சுத்தறதுதானே

மணி பீளமேடு (8:15): எல்லாரும் கோட்டை விடற இடம் இதுதான், நிதானமாப் படிங்க. பழைய மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப்பைத் தள்ளறதுக்கு ஆக்ஸ் ஷாஃப்ட்ல ஒரு முட்டை வடிவ மேடு இருக்கும். 1438 சிசி இன்ஜின்ல ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கற தூரம்) 71.5 மிமீ, உங்க 1995-ல 90 மிமீ. கிராங்க் அவ்வளவு அகலமா வீசறதால 2-ஆம் நம்பர் கனெக்டிங் ராடு அந்த மேட்டுக்குப் பக்கத்துலயே போகும். ஆக்ஸ் தப்பான கோணத்துல நின்னா ராடு போய் மேட்டுல இடிக்கும். கையால சுத்தறப்ப ‘டக்’னு நிக்கும், அதோட விட்டுட்டா தப்பிச்சோம். செல்ஃப் அடிச்சா கதை முடிஞ்சுது.

எலெக்ட்ரிக் பம்ப் போட்டவங்க பழைய பம்ப்பைக் கழட்டி அந்த ஓட்டைக்குத் தகடு போட்டு மூடியிருப்பாங்க, மேடு உள்ளயே இருக்கும். தகட்டைக் கழட்டி டார்ச் அடிச்சுப் பாருங்க. இருந்தா, மேடு ராடுக்கு எதிர்ப்பக்கம் திரும்பி நிக்கோணும்.

செந்தில் பொள்ளாச்சி (8:18): எப்பவாச்சும் ஆக்ஸ் ஷாஃப்ட்டை வெளிய எடுத்தா, கோயமுத்தூர் கணபதியில லேத்துல குடுத்து அந்த மேட்டைக் கடைஞ்சு எடுத்துருங்க. பம்ப்பே இல்லாத வண்டிக்கு அது எதுக்கு? அதுக்கப்புறம் டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குக் கரண்ட் பிரிச்சுக் குடுக்கறது) பிளாக்குல உக்காந்திருந்தா மட்டும் ஆக்ஸ் கோணம் முக்கியம். ஒரு பல்லு மாறுனாலும் இக்னிஷன் டைமிங் மாறிரும்.

கோகுல் திருப்பூர் (8:20): பிளாக்குலதானுங்க இருக்கு. சாமான் என்னென்ன வாங்கோணும்?

மணி பீளமேடு (8:24): பெல்ட் 1, டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் புடிக்கறது) பேரிங் 1, ஆயில் சீல் 4 (கேம் ரெண்டு, ஆக்ஸ் ஒண்ணு, கிராங்க் முன்னால ஒண்ணு). பேரிங் நல்லாத்தானே சுத்துதுன்னு மிச்சம் புடிக்காதீங்க. அது இறுகுனா புது பெல்ட்டும் காலி. சீல்ல ஆயில் கசிஞ்சா ரப்பர் ஊறி பல்லு பல்லா உதிரும். தண்ணி பம்ப் ஃபேன் பெல்ட்ல ஓடறது, அதை இதோட சேத்து மாத்தோணும்னு இல்ல. வந்த பெல்ட்டை மடக்கக் கூடாது, திருப்பிப் போட்டு முறுக்கக் கூடாது, உள்ள நூல் ஒடிஞ்சுரும்.

கோகுல் திருப்பூர் (8:27): புல்லி ரெண்டும் அட்ஜஸ்டபிள் டைப். புத்தகத்துல போட்டிருக்கற மார்க் இதுல செல்லுமுங்களா

செந்தில் பொள்ளாச்சி (8:36): நல்ல கேள்வி. செல்லாது. வெளி வளையம் வேற, கேம்ல உக்காந்த நடுப்பகுதி வேற. ஹெட்டு கட்டுனவரு நடுவுல இருக்கற போல்ட்டைத் தளர்த்தி கேமை நகர்த்தி வெச்சிருப்பாரு. எதுக்குன்னா, ஹெட்டு கீழ எறங்குனா இழுக்கற பக்கத்து பெல்ட் நீளம் குறையுது, கேம் பின்தங்குது. புல்லி ஆரம் 60 மிமீ ஒட்டினதுன்னு வெச்சா, 1 மிமீ பேசிங்குக்கு கேம் சுமார் 1 டிகிரி, கிராங்க் கணக்குல 2 டிகிரி பின்னால போகும். அதைச் சரிக்கட்டத்தான் இந்தப் புல்லி. அதனால வளையத்தையும் நடுப்பகுதியையும் சேத்து வொயிட்னர்ல ஒரு கோடு போட்டுருங்க, அந்தப் போல்ட்டுகளைத் தொடாதீங்க.

மணி பீளமேடு (8:49): இப்ப வேலை. பேட்டரி நெகட்டிவ் கழட்டு, ஃபேன் பெல்ட் எடு, பிளக் நாலும் எடு. கிராங்க் நட்டுக்கு 38 சாக்கெட் போட்டு, முன்னால நின்னு பாத்தா கடிகாரம் சுத்தற பக்கமா மட்டும் சுத்தோணும். கவர்ல மூணு கோடு இருக்கும், 10, 5, 0. நீளமானது 0. அங்க நிறுத்தி ரெண்டு கேம் புல்லி, ஆக்ஸ் புல்லி, டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டர் எந்தப் பக்கம் பாக்குது, எல்லாத்தையும் போட்டோ எடு. பெல்ட்டுலயும் புல்லியிலயும் நேருக்கு நேர் புள்ளி வை. பழைய பெல்ட்ல புள்ளிக்கு நடுவுல எத்தனை பல்லுன்னு எண்ணி புதுசுக்கு மாத்திக்கலாம்.

டென்ஷனரைத் தளர்த்தி, தள்ளிப் புடிச்சு இறுக்கி வெச்சுட்டு பெல்ட்டை உருவு. உருவுன உடனே கேம் வால்வு ஸ்பிரிங் தள்ளி ‘படக்’னு திரும்பலாம், பயப்படாதீங்க. ஆனா திருப்பிக் கொண்டு வர்றப்ப முட்டுச்சுன்னா பலம் போடாதீங்க. கிராங்க் 90 டிகிரி தள்ளி நின்னா நாலு பிஸ்டனும் பாதிக் கெணத்துல இருக்கும், கேம் திருப்ப எடம் கிடைக்கும். ஆக்ஸ் மேடு எந்தப் பக்கம்னு பாத்துட்டு அப்புறம் கிராங்க்கைத் தொடுங்க.

மாட்டறப்ப கிராங்க்ல ஆரம்பிச்சு ஆக்ஸ், ரெண்டு கேம், இழுக்கற பக்கம் தொய்வே இருக்கக் கூடாது, கடைசியா டென்ஷனர். ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பாதீங்க.

கோகுல் திருப்பூர் (8:55): டென்ஷன் எவ்வளவுங்ணா?

மணி பீளமேடு (9:02): நட்டைத் தளர்த்தி விடு, ஸ்பிரிங் தானா தள்ளும். கையால ரெண்டு முழுச் சுத்து, மெதுவா. பின்னால ஒரு பல்லு அளவுக்கும் திருப்பக் கூடாது, தொய்வு எடம் மாறி பெல்ட் பல்லு தாண்டும். ரெண்டு சுத்துக்கப்புறம் எல்லா மார்க்கும் வந்து நிக்குதான்னு பாத்துட்டு நட்டை இறுக்கு. நீளமான பக்கத்துல ரெண்டு விரல்ல 90 டிகிரி திருகுற அளவு இருக்கோணும். இஞ்சின் ஆறிக் கெடக்கறப்ப மட்டும் வை. அலுமினியம் ஹெட்டு சூட்டுல விரிஞ்சா பெல்ட் தானா இறுகும், சூட்டுல வெச்சா ஆறுனப்புறம் தொய்ஞ்சுரும். ஓடறப்ப ‘ஊய்ய்’னு விசில் வந்தா அதிகம், கவர்ல தட்டற சத்தம் வந்தா கம்மி.

செந்தில் பொள்ளாச்சி (9:06): ஒரு மார்க்காவது ஒரு பல்லு தள்ளி நின்னா ‘கிட்டத்தட்ட சரி’ன்னு விட்டுராதீங்க. கேம்ல ஒரு பல்லுங்கறது கிராங்க் கணக்குல 15 டிகிரிக்கு மேல.

கோகுல் திருப்பூர் (9:08): சரிங்ணா. அடுத்த ஞாயிறு செட்டிபாளையம் ரேஸ் டிராக்ல ஓட்டலாம்னு இருந்தேன், அதுக்குள்ள ஆகுமா?

மணி பீளமேடு (9:12): முடிச்சதும் பிளக் இல்லாம, காயில் வயரைக் கழட்டிட்டு, ஆயில் பிரஷர் ஏறற வரைக்கும் செல்ஃப் அடி. அப்புறம் பிளக் போட்டு ஸ்டார்ட் பண்ணு, டைமிங் லைட்ல இக்னிஷன் பாரு. ஊருக்குள்ள ஒரு 300 கிமீ ஓட்டிட்டு, ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலைல டென்ஷனை மறுபடி பாத்துட்டு டிராக்குக்கு வாங்க. ஞாயிறுக்குள்ள 300 ஆகலைன்னா டிராக் வேண்டாமுங்க, பாக்க மட்டும் வாங்க.

கோகுல் திருப்பூர் (9:13): ஆகட்டுமுங்க. 38 சாக்கெட் யாருகிட்ட இருக்கு?

செந்தில் பொள்ளாச்சி (9:14): எங்கிட்ட இருக்கு. நாளைக்கு பல்லடம் வர்றேன், வந்து வாங்கிக்கோங்க.