மறுமொழி: மூட்டுவாதக் கண் நோய்களுக்குத் தமிழ்ச்சொல் – ‘வெள்விழி நைவு’ சரிவருமா?

எல்லாருக்கும் வணக்கம்.

மூட்டுவாதத்தால (ருமடொயிட் ஆர்த்ரைட்டிஸ்) வர்ற கண் நோய்களுக்குத் தமிழ்ச்சொல் போட்டு வவுனியா அண்ணன் அனுப்பின பட்டியல முழுசா வாசிச்சேன், நல்ல உழைப்பு. ஆனா தேயிலைத் தோட்டத்து கிளினிக்குகள்ல குடுக்கப்போற துண்டறிக்கைங்குறதால சில சொல்லுல எனக்கு உடன்பாடில்ல.

> ஸ்கெலரைட்டிஸ் – வெண்படல அழற்சி

கண்ணோட வெள்ளப் பகுதியில வர்ற அழற்சிக்கு இந்தச் சொல்லு வேணாம் அண்ணே. நம்ம விஞ்ஞானப் புத்தகத்துல விழிவெண்படலம்னா முன்பக்கம் தெளிவா இருக்குற கோர்னியா. இங்க படலம் விழுந்துருச்சுன்னு சொன்னா கண்புரைன்னுதான் சனங்க வெளங்கிக்குவாங்க, மூட்டுவாதத்துக்கு பிரெட்னிசலோன்ங்குற ஸ்டீரொய்ட் மாத்திரை வருசக்கணக்கா குடிக்கிறவங்களுக்கு கண்புரையும் வர்றதுனால ஒரே ஆளோட கிளினிக் கொப்பியில ரெண்டு படலம் வந்து நிக்கும், அப்புறம் எதுக்கு ஒப்பரேசன் எதுக்கு மருந்துன்னு வீட்டுல யாருக்குத் தெரியும். அந்த வெள்ளப் பகுதிக்கு பாடப்புத்தகம் சொல்ற வன்கோது பிழையில்ல, ஆனா பரீட்ச எழுதின பிள்ளைங்களோட அது நின்னுரும். வெள்விழின்னா பாட்டிக்கும் புரியும்.

ஸ்கெலரைட்டிஸ வெள்விழி அழற்சின்னும் எபிஸ்கெலரைட்டிஸ வெள்விழி மேலுறை அழற்சின்னும் வைப்போம். ரெண்டுக்கும் ஒரே சொல்லு போதாதான்னு பதுளை டீச்சர் கேட்டாங்க, போதாது டீச்சர். மேலுறையில வர்றது செவந்து கொஞ்சம் உறுத்திட்டு பெரும்பாலும் தானாவே அடங்கிரும். உள்ள வர்றது ராத்திரி தூக்கத்துலருந்து எழுப்பிவிடுற குடைச்சல், நெத்திக்கும் தாடைக்கும் இழுக்கும், செவப்புல ஊதா கலந்திருக்கும், கண்ண தொட விடமாட்டாங்க. பார்வையே போயிரலாம். கண்ணு நோவுதானேன்னு சொட்டு மருந்து வாங்கிட்டு வீட்டுல இருந்தா அவ்வளவுதான்.

> ஸ்கெலரோமலேசியா – வெண்படல மென்மையாக்கம்

நான் எழுத வந்ததே இதுக்குத்தான். ஆக்கம்னு முடிஞ்சா யாரோ வேணும்னு செய்யிற வேலைன்னு அர்த்தம் வருது. இந்த நோய் ரொம்ப வருசமா மூட்டுவாதம் இருக்குறவங்களுக்கு, கூடுதலா பொம்பளைங்களுக்கு வரும். அந்த எடத்துக்கு ரத்தம் கொண்டுபோற சின்னக் குழாய்ங்க அடைபட்டு வெள்விழி கொஞ்சங் கொஞ்சமா மெலிஞ்சு அடியில இருக்குற கருநீலம் தெரிய ஆரம்பிக்கும், வலியும் இருக்காது செவப்பும் இருக்காது, அதனாலயே கிளினிக்குக்கு வரமாட்டாங்க. எங்க லயத்துல கொழுந்துக்குப் போயிட்டிருந்த ஒரு பெரியம்மா, வெரலெல்லாம் கோணி காலையில சாயத்தண்ணி கோப்பைய ரெண்டு கையாலயும்தான் புடிப்பாங்க, அவங்க மேல் எமைய தூக்கிப் பாத்தா சுண்டுவெரல் நகத்துல பாதி அளவுக்கு நீலமா ஒரு எடம். பக்கத்துல நின்ன அக்கா ஒடனே சொன்னாங்க, “சேல நைஞ்சு உள்ள இருக்குறது தெரியிற மாதிரில்ல இருக்கு”.

அந்தச் சொல்லையே எடுத்து இந்த நோய வெள்விழி நைவுன்னு வைப்போம். நைவுன்னா மெலியிறதும் இருக்கு, வலு போறதும் இருக்கு, கிழியலாம்ங்குற எச்சரிக்கையும் உள்ளுக்கே இருக்கு. தானா ஓட்டை விழுறது அபூர்வந்தான், ஆனா வெறகு கொத்தையில செராய் தெறிச்சாலோ தேயிலை வாது குத்தினாலோ அந்த எடம் கிழிஞ்சுரும்னு கட்டாயம் எழுதணும். மனசு வாடுறதுக்கும் நைவுன்னு வருமேன்னு யாராவது கேப்பீங்க, முன்னால வெள்விழி நிக்கையில அந்தக் குழப்பம் வராது. அழற்சின்னு இதுல சேக்கவே கூடாது, எரிச்சலும் செவப்பும் வரட்டும்னு காத்துக்கிட்டே இருந்துருவாங்க.

கண் வறட்சிய அப்படியே விடுங்க, மூட்டுவாதக்காரங்களுக்கு கூடுதலா வர்ற கண் கோளாறு அதுதான், சொல்லும் எல்லாருக்கும் தெரியும். கண்ணும் வாயும் வறண்டுபோற ஷோக்ரன் நோய்ங்குறதயும் மாத்த வேணாம், 1933ல அத விரிவா எழுதின சுவீடன் கண் டொக்டரோட பேரு, பேரு பேராவே இருக்கட்டும். கீழ் எமையில தாள் துண்ட மாட்டி 5 நிமிசத்துல எவ்வளவு நனையுதுன்னு பாக்குறாங்களே, 5 மில்லிமீட்டருக்குக் கொறஞ்சா வறட்சி கடுமைன்னு, அதுக்கு கண்ணீர்த்தாள் சோதனைன்னு வைக்கலாம்.

இன்னொண்ணு, துண்டறிக்கைத் தலைப்புல முடக்குவாதம்னு போட்டிருக்கீங்க. இங்க அத கை கால் விழுந்து போறதுன்னு எடுத்துக்குவாங்க, மூட்டுவாதம்னே போடுவோம். வயசுல மூட்டு தேஞ்சு வர்ற வலி இந்த மாதிரி கண்ணுக்குப் போகாதுன்னு கீழ ஒரு வரி சேத்தா எல்லாரும் பயப்படத் தேவையில்ல.

வெள்விழி நைவுக்கு மறுப்பு இருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள எழுதுங்க, திங்கக்கிழம அச்சுக்குக் குடுக்கணும்.