அம்மம்மா வீட்டுக் குழு: கரவனில் நாலு இரவு

சனி, காலை 6.40

தெஹிவளை மாமா: அக்கா, எழும்பிவிட்டீர்களா? மகள் நேற்று இரவு கோல் எடுத்தாள். நாங்கள் லண்டன் போகும்போது நோர்ஃபோக் கடற்கரைப் பக்கம் நாலு இரவு கரவனில், அதுதான் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிற சில்லு வீட்டில், தங்கப் பதிந்திருக்கிறாளாம். யாரோ ஒரு கமக்காரரின் காணியாம். நீங்கள் ஜூனில் போன இடம் போலத்தான் என்கிறாள்.

தெஹிவளை மாமா: எனக்கு மனம் ஒப்பவில்லை. உங்கள் மச்சாளுக்கு முழங்கால் வருத்தம். இருட்டில் கக்கூசுக்கு வெளியே போகவேண்டி வந்தால் என்ன செய்வது?

அம்மா: தம்பி, அக்கா இந்நேரம் மரைன் டிரைவில் நடப்பா. வந்து பதில் போடுவா.

காலை 7.25

வெள்ளவத்தைப் பெரியம்மா: இப்போதுதான் வந்தேன் தம்பி. இரண்டு பேரும் யோசிக்காமல் போங்கள். கக்கூஸ் கரவனுக்கு உள்ளேயே இருக்கிறது, கட்டிலில் இருந்து நாலு எட்டு. அதன் அடியில் ஒரு பெட்டி, நீல மருந்து விட்டிருப்பார்கள், மணக்காது. இரண்டு நாளைக்கு ஒருக்கால் அதை இழுத்துக்கொண்டுபோய் அதற்கென்று இருக்கிற இடத்தில் ஊற்றிக் கழுவ வேண்டும். அது பிள்ளைகளின் வேலை. மச்சாளுக்குக் கஷ்டம் என்றால் வாசல்படி ஒன்றுதான். கொஞ்சம் உயரம்.

தெஹிவளை மாமா: சனம் நெருக்கமா?

வெள்ளவத்தைப் பெரியம்மா: நூறு, இருநூறு கரவன் நிற்கிற பெரிய இடங்களும் இருக்கின்றன, அங்கே இரவில் பாட்டும் கூத்தும். நாங்கள் போனது ஒரு புல்வெளி. எங்களோடு சேர்த்து ஐந்தே ஐந்து கரவன்.

நான்: பெரியம்மா, தண்ணீர்?

வெள்ளவத்தைப் பெரியம்மா: காணியின் மூலையில் ஒரு பைப். 40 லீற்றர் பிளாஸ்டிக் பரல் ஒன்று இருக்கிறது, நிரப்பிப் படுக்கவைத்து, பிடியைக் கொளுவி, புல்லில் சில்லு மாதிரி உருட்டிக்கொண்டு வரவேண்டும். பேரனுக்கு அதை உருட்டுவதில் அவ்வளவு சந்தோஷம். ஐந்து பேருக்கு ஒரு நாளைக்கு மூன்று தரம் நிரப்பினோம். இரண்டாம் நாளே நான் ஒரு கோப்பைத் தண்ணீரில் முகம் கழுவப் பழகிவிட்டேன். ஆச்சி ஊரில் ஒரு வாளியில் எல்லாப் பாத்திரமும் கழுவுவாவே, அதுதான் நினைவு வந்தது.

தெஹிவளை மாமி: மச்சாள், குளிர் எப்படி?

வெள்ளவத்தைப் பெரியம்மா: முதல் இரவு குளிர்ந்தது. தரையோடு சின்ன ஓட்டைகள் இருந்தன, அதால் காற்று வந்தது. துவாயைச் சுருட்டி அடைத்துவிட்டுப் படுத்தேன். மகன் கண்டுவிட்டுப் பயந்துபோனான். சமையல் காஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் தரையில்தான் தேங்குமாம். அது வெளியே போகத்தான் அந்த ஓட்டை. மச்சாள், எவ்வளவு குளிர்ந்தாலும் அதை அடைக்க வேண்டாம். இன்னொரு போர்வை கேளுங்கள்.

தெஹிவளை மாமி: 2021 கடைசியில் இங்கே காஸ் சிலிண்டர் வெடித்த நாட்களில் இரண்டு மாதம் மின்சார அடுப்பில் சமைத்தவள் நான். இதை மறக்கமாட்டேன்.

அம்மா: அக்கா, அந்த அமைதியில் உங்களுக்கு நித்திரை வந்ததா?

வெள்ளவத்தைப் பெரியம்மா: வரவில்லை. முப்பது வருசமாக ரயில் சத்தத்தோடு படுக்கிற ஆள் நான். அங்கே காதுக்குள் ஒன்றுமே இல்லை. பிறகு பார்த்தால் தலைமாட்டில் சரக், சரக் என்று ஒரு சத்தம். யாரோ துணி கிழிக்கிற மாதிரி. மகனை எழுப்பினேன். ரோச் அடித்துப் பார்த்தான். வேலிக்கு அந்தப் பக்கம் செம்மறிகள் புல்லைப் பிடுங்கித் தின்றுகொண்டு நின்றன.

வெள்ளவத்தைப் பெரியம்மா: அதற்குப் பிறகு அவனும் படுக்கவில்லை. மருமகளும் பிள்ளைகளும் நல்ல நித்திரை. நாங்கள் இரண்டு பேரும் அந்த வாசல்படியில் இருந்து பிளேன்ரீ குடித்தோம். 2020இல் விமான நிலையம் மூடிக்கிடந்தபோது அவன் தகப்பனின் செத்தவீட்டைப் போனில்தானே பார்த்தான். இத்தனை வருசம் கிழமைக்கு மூன்று தரம் கதைக்கிறோம், அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. அன்று இரவுதான் சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். நாலு மணிக்கே வெளித்துவிட்டது, நாங்கள் எழும்பவில்லை.

அம்மா: அக்கா...

தெஹிவளை மாமா: இதை நீங்கள் வந்து சொல்லவில்லையே அக்கா.

வெள்ளவத்தைப் பெரியம்மா: நீ கேட்டபடியால் சொல்கிறேன். ஹோட்டல் என்றால் அவன் ஒரு அறை, நான் ஒரு அறை. நீ மகளோடு போய் இரு.

பகல் 1.35

லண்டன் அண்ணா (பெரியம்மாவின் மகன்): இப்போதுதான் எழும்பினேன். அம்மா எழுதியதை வாசித்தேன். ஓம்.

லண்டன் அண்ணா: மாமா, அந்த ஐந்து கணக்கு 1960ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அங்கீகாரம் பெற்ற கரவன் கழகம் சான்றிதழ் கொடுத்தால், காணிக்காரர் தனி லைசன்ஸ் எடுக்காமல் ஐந்து கரவன் வரை விடலாம், கழக உறுப்பினர்களுக்கு மட்டும். உங்கள் மகள் உறுப்பினராகத்தான் இருப்பா, எதற்கும் கேளுங்கள். எந்தத் திகதி?

தெஹிவளை மாமா: ஓகஸ்ட் கடைசிக் கிழமை.

லண்டன் அண்ணா: அது வேண்டாம் மாமா. ஓகஸ்ட் கடைசித் திங்கள் பொது விடுமுறை, பள்ளிக்கூடமும் லீவு. காணி அமைதியாக இருந்தாலும் ரோட்டிலும் கடற்கரையிலும் சனம். செப்டம்பரில் பள்ளிக்கூடம் தொடங்கின பிறகு போங்கள். மோர்ஸ்டனில் படகு எடுத்தால் பிளேக்னி முனையில் கடல்நாய்கள் படுத்திருப்பதைப் பார்க்கலாம். மாமிக்குப் பிடிக்கும்.

லண்டன் அண்ணா: கடல் நம்முடையது போல இல்லை. கொழும்பில் வற்றுப்பெருக்கு ஒரு மீட்டர்கூட வராது. அங்கே வற்றினால் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விடும், மணலில் நடந்துகொண்டே போகலாம் போல இருக்கும். திரும்பி வரும்போது பள்ளமான இடங்களை முதலில் நிரப்பி, உங்களுக்குப் பின்பக்கத்தால் வரும். நோர்ஃபோக்கில் வெல்ஸ் என்கிற ஊரின் கடற்கரையில் அதற்கென்றே சைரன் ஊதுகிறார்கள். ஊதினால் உடனே கரைக்கு வாருங்கள், படம் எடுத்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

தெஹிவளை மாமி: தம்பி, றைஸ் குக்கர் கொண்டுவரட்டா?

லண்டன் அண்ணா: கொண்டுவாருங்கள் மாமி, ஆனால் கேத்திலும் ஹீட்டரும் அதோடு சேர்த்துப் போடக்கூடாது. கரவனுக்கு வருகிற மின்சாரம் 16 அம்பியர், சில காணிகளில் 10தான். அம்மா மூன்றையும் ஒன்றாகப் போட்டு, இருட்டில் இடியப்பம் சாப்பிட்டோம்.

வெள்ளவத்தைப் பெரியம்மா: மச்சாள், மிளகாய்த்தூளும் கொண்டுபோங்கள். குரோமர் நண்டு அங்கே பேர்போனது, சின்னது, நல்ல இனிப்பு. ஆனால் அவித்துத்தான் விற்பார்கள். குழம்பைத் தனியே கொதிக்கவிட்டு, கடைசியில் நண்டைப் போட்டு இறக்குங்கள்.

மாலை 5.10

தெஹிவளை மாமா: மகளோடு கதைத்தேன். செப்டம்பர் இரண்டாம் கிழமைக்கு மாற்றிவிட்டாள். உங்கள் மச்சாள் குசினி ஸ்டூலில் ஏறி இறங்கிப் பார்க்கிறா.

வெள்ளவத்தைப் பெரியம்மா: அதை இங்கிருந்து தூக்க வேண்டாம், மகளை ஒன்று வாங்கிக் கரவன் வாசல்படிக்குக் கீழே வைக்கச் சொல்லு. காலுக்கு ரப்பர் இருக்கவேண்டும். விடியப் பனியில் புல் வழுக்கும்.