கடைவீட்டுச் செங்கல் சுவரில் வெள்ளை உப்பு: அமிலத்தால் கழுவலாமா?

சிராங்கூன்வாசி:
சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், டெஸ்கர் சாலைப் பக்கம் ஒரு பழைய கடைவீட்டின் (கீழே கடை, மேலே வீடு) கீழ்த்தளத்தை அலுவலகத்துக்காக வாடகைக்கு எடுத்திருக்கிறோம். முன்பு இருந்தவர் பூச்சை உரித்துச் செங்கல் தெரியும்படி விட்டுப் போயிருக்கிறார். தடவினால் கையில் சிவப்புப் பொடி ஒட்டுகிறது. தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை வெள்ளையாகப் பொரிந்திருக்கிறது. அமிலம் தடவி, அழுத்த நீரால் அடித்தால் ஒரே நாளில் புதிதுபோல் ஆகிவிடும் என்கிறார் துப்புரவுக்கு வந்தவர். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கொத்துவேலைக்காரர்:
இரண்டும் வேண்டாம், ஐயா. அந்தக் காலத்துச் சுவர்களில் செங்கற்களைப் பிணைத்திருப்பது பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்து. அமிலம் பட்டதும் அது நுரைத்துக் கரையும், அதில் உண்டாகும் உப்பு சுவருக்குள் இறங்கி, நீங்கள் போக்க நினைத்த வெள்ளையையே மீண்டும் வெளியே கொண்டுவரும். அழுத்த நீரும் கம்பித் தூரிகையும் சூளையில் வெந்து இறுகிய மேல்தோலை எடுத்துவிட்டால், உள்ளே இருக்கும் மென்மையான மண் உதிர்ந்துகொண்டே இருக்கும்.

உப்பை நனைக்காதீர்கள், கரைந்து உள்ளேயே போய்விடும். மென்மையான தூரிகையால் உலர்வாகத் துடைத்து, நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள தூசு உறிஞ்சியின் வாயைப் பக்கத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள். மேற்பகுதி அழுக்குக்கு, காரமோ அமிலமோ இல்லாத சோப்பைச் சில சொட்டு விட்டு நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சு போதும். முதலில் மறைவான மூலையில் ஒரு சாண் இடத்தில் தேய்த்து, காய்ந்தபின் பாருங்கள்.

மாலதி:
தேய்ப்பதற்கு முன் ஒரு சொல். செங்கல் தூசியில் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா உண்டு, துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. என்95 ஆவது அணியுங்கள். ஓரங்களில் பழைய பெயிண்ட் ஒட்டியிருந்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், சோதிக்காமல் சுரண்ட வேண்டாம். பூஞ்சைக்கென்று குளோரின் பிளீச்சை அமிலத்தோடு யாரும் சேர்த்துவிடாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள், நச்சு வாயு கிளம்பும்.

சிராங்கூன்வாசி:
நன்றி. பொடி உதிராமல் இருக்க மேலே நீர்புகாப் பூச்சு அடிக்கலாமா?

கொத்துவேலைக்காரர்:
கூடாது. ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சுக்குப் பின்னால் உப்பு படிந்து, செங்கல்லின் முகத்தையே தள்ளிவிடும். நம் ஊர்க் கடைவீட்டுச் சுவர்கள் பூசியே கட்டப்பட்டவை. இப்படி உரித்துக் காட்டுவது பிற்கால மோகம் (எனக்கு அது பிடிப்பதில்லை). 1861இல் முடிந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் வெண்மைகூட, இந்தியக் கைதிகள் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் கலந்து பூசிய பூச்சுதான். ஈரம் சுவருக்குள் வரும் வழியைக் கண்டுபிடித்து அடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்தபின், வீட்டு உரிமையாளரிடம் பேசிச் சுண்ணாம்புப் பூச்சே பூசுங்கள், சிமெண்ட் வேண்டாம். லிட்டில் இந்தியா 1989 முதல் பாதுகாக்கப்பட்ட வட்டாரம் என்பதால், அனுமதி தேவையா என்று நகரச் சீரமைப்பு ஆணையத்திடமும் கேட்டுவிடுங்கள்.

சிராங்கூன்வாசி:
இன்று பின்சந்துக்குப் போய்ப் பார்த்தேன். ஏர்கான் தண்ணீர்க் குழாய் சரியாக அந்தச் சுவரின் அடியிலேயே முடிகிறது.