கண்மாய் நீர்ச்சமநிலை மாடல்: சீக்கிரம் நிறைகிறது, தாமதமாக வற்றுகிறது. எந்த எண்ணைத் திருத்துவது?

வரத்துக்கால்:
சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய்க்கு எக்செல்லில் தினசரி மாடல் போட்டிருக்கிறேன். நீர்ப்பிடிப்பு 12 சதுர கி.மீ., கொள்ளளவு 46 மில்லியன் கன அடி (சுமார் 13 லட்சம் கன மீட்டர்), நிறைந்தால் நீர்ப்பரப்பு 85 ஹெக்டேர். நீர்வரத்துக்கு கர்வ் நம்பர் (சி.என்.) முறை, அதாவது பெய்த மழையில் எவ்வளவு ஓடிவரும் என்பதை நிலத்துக்கான ஓர் எண்ணால் கணக்கிடுவது; எண் கூடினால் ஓட்டமும் கூடும். சி.என். 78. ஆவியாதலுக்குத் தட்டு அளவில் (திறந்த தட்டில் வைத்த நீர் ஆவியாகும் அளவு) 0.7 மடங்கு, கசிவுக்கு நாளுக்கு 2 மி.மீ.

மாடலில் அக்டோபர் கடைசியிலேயே கண்மாய் நிறைந்துவிடுகிறது. உண்மையில் கலுங்கு (உபரிநீர் வழியும் வாய்) ஓடியது நவம்பர் கடைசியில். பிப்ரவரி முடிவில் மாடலில் ஓர் அடிக்கு மேல் தண்ணீர் கூடுதலாக நிற்கிறது. சி.என்.ஐ 65 ஆக்கினால் நிறையும் தேதி ஒத்துவருகிறது. ஆனால் நவம்பர் கனமழை வாரத்தில் வரத்து போதவில்லை. என்ன செய்யலாம்?

மடைத்தூம்பு:
சி.என்.ஐ இப்போதைக்குத் தொடாதீர்கள். வரத்தும் இழப்பும் ஒன்றின் பிழையை ஒன்று மறைக்கும். இரண்டையும் சேர்த்துத் திருகினால் தவறான இரண்டு எண்கள் சேர்ந்து சரியான வரைகோட்டைத் தந்துவிடும். அடுத்த வருட மழைக்கு அது உதவாது. முதலில் இழப்பைத் தனியே பிடியுங்கள். மழையில்லாமல், ஓடை வறண்டு, மடையும் மூடியிருந்த நாட்கள் பதிவில் உண்டா?

வரத்துக்கால்:
உண்டு. ஜனவரி 18 முதல் 28 வரை. அந்தப் 10 நாளில் அளவுகோலில் 11 செ.மீ. இறங்கியிருக்கிறது. தட்டு ஆவியாதல் சராசரி 5 மி.மீ.

மடைத்தூம்பு:
அப்படியானால் மொத்த இழப்பு நாளுக்கு 11 மி.மீ. ஆவியாதல் 5 × 0.7 = 3.5. மீதி 7.5 மி.மீ. கசிவு. நீங்கள் போட்டது 2. வித்தியாசம் 5.5 மி.மீ.; ஜனவரி, பிப்ரவரி 60 நாளுக்கு 33 செ.மீ. நீங்கள் சொன்ன ஓர் அடி இதுதான்.

வண்டல் படிந்த படுகை கசியாது என்று எண்ணி 2 போட்டிருப்பீர்கள். வண்டல் நடுப்பள்ளத்தில்தான் கனமாக இருக்கும். தண்ணீர் ஏறும்போது நனையும் ஓரச் செம்மண் நன்றாகவே உறிஞ்சும். ஆயக்கட்டுக் கிணறுகளில் மோட்டார் ஓட ஓட, கரைக்கு அடியிலும் இழுக்கும். ஆகவே கசிவை ஒரே எண்ணாக வைக்க வேண்டாம். முழு மட்டம், பாதி மட்டம், அடிமட்டம் என்று மூன்று இடத்திலாவது இதே கணக்கைப் போட்டு, மட்டத்தைப் பொறுத்து மாறும் கோடாகக் கொடுங்கள்.

செம்மண்தரை:
வரத்துப் பக்கம் நான் சொல்கிறேன். சி.என். 78 என்பது நடுத்தர ஈரத்துக்கான எண். வடகிழக்குப் பருவம் தொடங்கும்போது நிலம் காய்ந்து கிடக்கும். பயிர்க்காலத்தில் முந்தைய 5 நாள் மழை 36 மி.மீ.க்குக் கீழ் என்றால் காய்ந்த நிலை, 53-க்கு மேல் என்றால் ஊறிய நிலை. 78 என்பது காய்ந்த நிலையில் ஏறத்தாழ 61, ஊறிய நிலையில் 89. ஒரே நாளில் 50 மி.மீ. பெய்தால் (ஓட்டம் தொடங்கும் முன் ஏற்படும் தொடக்க இழப்பு, மண் பிடித்துவைக்கக்கூடிய அதிகபட்ச நீரில் 0.2 மடங்கு என்று வைத்து) ஓடிவரும் நீர்:

காய்ந்த நிலம்: 1.7 மி.மீ.
நடுத்தரம்: 11.9 மி.மீ.
ஊறிய நிலம்: 25.4 மி.மீ.

ஒரே மழைக்கு 15 மடங்கு வித்தியாசம். ஒற்றை சி.என். வைத்தால் அக்டோபரில் அதிகமாகவும் நவம்பர் கனமழையில் குறைவாகவும் காட்டுவது இதனால்தான். 65-க்கு இறக்கியதும் நவம்பர் பட்டினி கிடந்தது. இந்த மூன்று படிகளும் பட்டென்று தாவும் என்பது ஒரு குறை. 36-ஐ ஒட்டிய நாட்களில் கணக்கு துள்ளும். மண் ஈரத்தைத் தினமும் தொடர்ந்து கணக்கிட்டு, அதைக் கொண்டு சி.என்.ஐ மெல்ல நகர்த்துவதே நல்லது.

அடுத்தது, மேலே வேறு கண்மாய்கள் உண்டா?

வரத்துக்கால்:
இரண்டு. 12 சதுர கி.மீ.யில் 7 அவற்றின் வழியாகத்தான் வருகிறது. இரண்டும் சேர்ந்து 5 லட்சம் கன மீட்டர் பிடிக்கும்.

செம்மண்தரை:
அவை நிறையும்வரை உங்களுக்கு நேரடியாக வருவது 5 சதுர கி.மீ. மட்டுமே. 11.9 மி.மீ. ஓட்டம் என்றால் 1,42,800 கன மீட்டர் அல்ல, 59,500 தான். அந்த இரண்டையும் தனித்தனி வாளிகளாக மாடலில் சேருங்கள். நிறைந்து மறுகால் போவது மட்டும் கீழே இறங்கட்டும். அந்த 7 சதுர கி.மீ.யில் 71 மி.மீ. ஓட்டம் சேர்ந்தால்தான் அவை நிறையும், அவற்றின் சொந்தக் கசிவு தனி. கண்மாய்த் தொடரை ஒரே நீர்ப்பிடிப்பாகப் பார்த்தால் எந்த சி.என்.னும் பொருந்தாது.

இன்னொன்று: நீர்ப்பரப்பில் நேராகப் பெய்யும் மழையைச் சேர்க்கும் நாளில், அந்தப் பரப்பை நீர்ப்பிடிப்பிலிருந்து கழியுங்கள். 85 ஹெக்டேர் என்பது 12 சதுர கி.மீ.யில் 7 சதவீதம். இரண்டு முறை எண்ணக்கூடாது.

தட்டுமானி:
மழைத் தரவு எங்கிருந்து? வானிலைத் துறையின் 0.25 பாகைக் கட்டத் தரவு என்றால், ஒரு கட்டமே ஏறக்குறைய 27 கி.மீ. அகலம். உங்கள் நீர்ப்பிடிப்பில் கொட்டிய 80 மி.மீ. அதில் கரைந்து குறைந்துவிடும். கர்வ் நம்பர் நேர்கோடு அல்ல. உச்சம் மழுங்கினால் வரத்து மழையைவிட அதிக விகிதத்தில் சரியும். பக்கத்து மழைமானி கிடைத்தால் அதையே எடுங்கள். தேதியையும் பாருங்கள்: காலை 8.30-க்கு எடுக்கும் அளவு முந்தைய 24 மணி நேர மழை. கண்மாய் அளவுகோல் மாலையில் படிக்கப்பட்டால் ஒரு நாள் தள்ளிப்போகும்.

வரத்துக்கால்:
மிக்க நன்றி. சரிபார்ப்புக்கு நாஷ்–சட்கிளிஃப் மதிப்பு (மாடல் அளவீட்டோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் எண்; 1 என்றால் முழுப் பொருத்தம்) போதுமா? மட்டத்துக்கு 0.9 வருகிறது.

மடைத்தூம்பு:
மட்டத்தை வைத்து அதை நம்ப வேண்டாம். இன்றைய மட்டம் நேற்றையதை ஒட்டியே இருப்பதால் மோசமான மாடலுக்கும் நல்ல எண் வரும். தினசரி மட்ட மாற்றத்துக்கு அதே மதிப்பைப் போடுங்கள், நிச்சயம் இறங்கும். கூடவே கலுங்கு ஓடத் தொடங்கிய தேதி, மொத்தம் ஓடிய நாட்கள், மடை மட்டத்துக்குக் கீழே இறங்கிய தேதி ஆகிய மூன்றையும் ஒப்பிடுங்கள். இந்த வருடத்தை வைத்துப் பொருத்திவிட்டு, எண் எதையும் மாற்றாமல் ஒரு வறண்ட வருடத்தை ஓட்டிப் பாருங்கள். மேல் கண்மாய்களே நிறையாத வருடமாக இருந்தால் இன்னும் நல்லது.