10 மி.மீ. ஹெச்இ-30 தட்டு வெட்ட ரவுட்டரா, மில்லா?

புதுப்பட்டறை:
வணக்கம். 10 மி.மீ. ஹெச்இ-30 அலுமினியத் தட்டுல நீமா 23 அளவு ஸ்டெப்பர் மோட்டாருக்கு மவுண்ட் செய்யணும். நடுவுல 38.1 மி.மீ. துளை, 47.14 மி.மீ. சதுரத்துல நாலு எம்5 ஓட்டை. எதிர்த் தட்டுல அதே அச்சுல 608 பேரிங் உட்கார 22 மி.மீ. குழி, 7 மி.மீ. ஆழம். கண்ணுல இருக்கிறது ரெண்டு வழி. ஒண்ணு, 15 மி.மீ. லீனியர் ரயில், 1605 பால் ஸ்க்ரூ (குண்டுகள் மேல ஓடுற திருகு), 800 வாட் ஸ்பிண்டில் (கட்டரைச் சுத்துற மோட்டார்) உள்ள 6040 சிஎன்சி (கணினி ஓட்டுற) ரவுட்டர். இன்னொண்ணு, சுமார் 100 கிலோ பெஞ்ச் மில் (மேஜை மேல வைக்கிற மில்லிங் இயந்திரம்) வாங்கி நாமளே சிஎன்சி ஆக்குறது. வீட்டுப் பட்டறைதான், உற்பத்தி இல்லை. எது சரிங்க?

மில்_பக்கம்:
மில்தான் தம்பி. ரவுட்டர் மரத்துக்கும் அக்ரிலிக்குக்கும் பொறந்தது. ஸ்பிண்டில் இசட் அச்சோட நுனியில தொங்குது, இசட் கேன்ட்ரியில (குறுக்குப் பாலத்துல) தொங்குது, கேன்ட்ரி ரெண்டு கால்ல நிக்குது. ஒவ்வொரு இணைப்புலயும் கொஞ்சம் வளையும். மில்லுல வார்ப்பிரும்புத் தூண், டவ்டெயில் (சறுக்குத் தடம்), கிப் (அதோட தளர்வை இறுக்குற பட்டை). அதிர்வை வார்ப்பிரும்பே தின்னுடும்.

கணக்கும் சொல்றேன். 12 மி.மீ. மூணு பல் எண்ட் மில் கட்டர், 2500 ஆர்பிஎம், பல்லுக்கு 0.06 மி.மீ.ன்னா ஃபீட் (கட்டர் நகர்ற வேகம்) நிமிஷத்துக்கு 450 மி.மீ. ஆழம் 3, அகலம் 6 வெச்சா நிமிஷத்துக்கு 8.1 கன செ.மீ. வெட்டும். ரவுட்டர்ல 6 மி.மீ. ஒத்தைப் பல், 18,000 ஆர்பிஎம், சிப் (ஒரு பல் எடுக்கிற சீவலோட தடிமன்) 0.05, ஃபீட் 900, ஆழம் 1, அகலம் 2. வர்றது 1.8 தான்.

கேன்ட்ரி:
மில்_பக்கம் அண்ணா, கன செ.மீ. பந்தயம் தொழிற்சாலைக்கு. இவர் வெட்டப் போறது ரெண்டு தட்டு.

அந்த 2500 ஆர்பிஎம்ல 3 மி.மீ. கட்டர் மாட்டினா வெட்டு வேகம் நிமிஷத்துக்கு 24 மீட்டர் கூட வராது. உள்மூலை சின்னதா இருக்கிற எந்த வேலைக்கும் சின்னக் கட்டர் வேணும், அங்க மில் ஊர்ந்துதான் போகும். ரவுட்டர்ல 6 மி.மீ. கட்டரே 340 மீட்டர்ல ஓடுது, கார்பைடுக்கு அலுமினியத்துல அது நல்ல வேகம்.

நீங்க சொன்ன வெட்டையே மாத்திப் போடலாம். அடாப்டிவ் பாதையில (ஆழமா, ஆனா மெல்லிசாச் சீவிக்கிட்டே போறது) ஆழம் 4, அகலம் 0.6. அகலம் விட்டத்துல பத்துல ஒரு பங்கா இருக்கிறதால சிப் மெலிஞ்சு வரும். அதை ஈடுகட்ட ஃபீடை 1.67 மடங்கு ஏத்தி 1500 வெச்சாத்தான் சிப் அதே 0.05 ஆகும். இப்ப நிமிஷத்துக்கு 3.6 கன செ.மீ. கட்டர் நுனி மட்டும் தேயாம பல்லோட 4 மி.மீ. நீளமும் உழைக்குது. இதுக்கு வெட்டுற இடத்துல தேவைப்படுறது 45 வாட் அளவுதான், ஸ்பிண்டில் 800 வாட்.

மில்_பக்கம்:
வாட் பிரச்சனைன்னு நான் சொல்லவே இல்லையே கேன்ட்ரி. விறைப்பைத்தான் சொல்றேன்.

உங்க 45 வாட்டை வெட்டு வேகத்தால வகுத்தா சராசரி விசை 8 நியூட்டன். ஆனா 0.6 அகலத்துல பல் ஒரு சுத்துல பத்துல ஒரு பங்கு நேரம்தான் உலோகத்தைத் தொடுது. அப்ப தொடுற நேரத்து அடி கிட்டத்தட்ட 80 நியூட்டன். ஆழம் 1, அகலம் 2 வெச்ச பழைய வெட்டுல அது 20 தான். ஆழத்தை நாலு மடங்காக்கினா அடியும் நாலு மடங்கு.

தம்பி, வாங்கறதுக்கு முன்னாடி கடையிலேயே ஒரு சோதனை பண்ணு. பெட்ல மேக்னட் ஸ்டாண்டு நிக்காட்டி கிளாம்ப்ல இறுக்கி, டயல் கேஜ் முனையைக் கோலெட் (கட்டரைக் கவ்வுற பிடி) நட்டுல வை. பெட்டி எடை பார்க்கிற ஸ்பிரிங் தராசைக் கோலெட்ல கட்டி 5 கிலோ வர்ற வரைக்கும் இழு. முள் 0.2 காட்டினா மி.மீ.க்கு 250 நியூட்டன் விறைப்பு. 80 நியூட்டனுக்கு அது 0.3 மி.மீ. போகும். நீ வெட்ட நினைக்கிற சிப்பே 0.05 தான்.

கேன்ட்ரி:
சோதனை சரி, நானும் அதைத்தான் பண்ணச் சொல்வேன். ஆனா அந்த 80 நியூட்டனை அப்படியே 250 ஆல வகுக்கக் கூடாது. 18,000 ஆர்பிஎம்ல ஒத்தைப் பல் நொடிக்கு 300 அடி அடிக்குது. ஒவ்வொரு அடிக்கும் கேன்ட்ரி எடை முழுசா நகர்ந்து திரும்ப நேரமே இல்லை. இயந்திரம் நிலையா சாய்றது சராசரி 8 நியூட்டனுக்கு, அதாவது 0.03 மி.மீ. ரஃபிங்குல (முதல் முரட்டு வெட்டுல) அது ஒரு பொருட்டே இல்லை.

ஆபத்து வேற இடத்துல இருக்கு. சட்டத்தோட இயல்பான அதிர்வு அந்த 300க்குப் பக்கத்துல வந்தா கத்த ஆரம்பிக்கும். ஃபீடைக் குறைச்சா நிக்காது, சிப் மெலிஞ்சு உரசல்தான் கூடும். ஆர்பிஎம்மை 18,000லிருந்து 15,500க்கு இறக்கிப் பாருங்க, இல்ல 20,000க்கு ஏத்துங்க. சத்தம் போயிடும்.

ஸ்கிரேப்பர்:
ரெண்டு பேர் கணக்கும் சரி. ஒருத்தர் சராசரியைப் பார்க்கிறார், ஒருத்தர் உச்சத்தை. ஆனா வீட்டு ரவுட்டர்ல அலுமினியம் கெட்டுப்போறதுல பாதி, சட்டம் வளையறதுக்கு முன்னாடியே கட்டர் பக்கம் நடந்து முடிஞ்சுடுது.

கட்டர் கோலெட்டுக்கு வெளிய நீட்டுற நீளம் ரெட்டிப்பானா வளைவு எட்டு மடங்கு. 3 மி.மீ. கார்பைடு, 20 நியூட்டன் விசை, 12 மி.மீ. நீட்டினா சுமார் 0.012 வளையும். 24 நீட்டினா 0.09க்கு மேல. 10 மி.மீ. தட்டுக்கு 6 மி.மீ. கட்டர் போடுங்க, 13 மி.மீ.க்கு மேல வெளிய விடாதீங்க.

ரன்அவுட் (கட்டர் மையம் விலகிச் சுத்துறது): மலிவு இஆர்11 கோலெட்ல 0.03 இருக்கலாம். ரெண்டு பல் கட்டர்ல சிப் 0.02 வெச்சா ஒரு பல் மட்டும் வெட்டும், மத்தது காத்துல சுத்தும். ரவுட்டருக்கு ஒத்தைப் பல் சொல்றதுக்கு இதுவும் காரணம். சீவல் வெளியேற இடமும் நிறைய இருக்கு.

அப்புறம் ஒட்டல். உரசின அலுமினியம் பல்லுல பிசினாட்டம் ஒட்டும். கட்டரைக் கழட்டி வெளிச்சத்துல பாருங்க. வெட்டு முனையில சாம்பல் நிறத்துல மினுமினுப்பா ஒரு படலம் இருந்தா அதுதான். அதோட ஓட்டினா அடுத்த ஒரு சுத்துக்குள்ள பல்லுக்கு நடுவுல இருக்கிற காடி அடைச்சு கட்டர் உடையும். டிஐஏஎல்என் (டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு) பூச்சுள்ள கட்டர் அலுமினியத்துக்கு வேண்டாம், பூச்சுலயே அலுமினியம் இருக்கு, அதுக்கு இது ஒட்டும். பூச்சில்லாதது போதும், இல்லாட்டி இசட்ஆர்என், டிஎல்சி பூச்சுள்ளது.

பழைய பட்டறைப் பழக்கம் மண்ணெண்ணெய். தூரிகையில தொட்டு வெச்சா மினுக்கா வெட்டும், மறுப்பில்லை. ஆனா 18,000 ஆர்பிஎம்ல அது புகையாத் தெறிக்கும், பக்கத்துலயே பிரஷ் மோட்டார் பொறி இருந்தா தீ. காத்து ஊதி சீவலைத் தள்ளுங்க, அதுவே பெரிய வேலை. எம்டிஎஃப் (மரத்தூள் பலகை) பெட் இருந்தா நீர்க் கூலன்ட் ஊத்தாதீங்க, உப்பிடும், தட்டோட மட்டம் போயிடும்.

தட்டு நிஜமா ஹெச்இ-30 தானான்னும் பாருங்க. ஜன்னல் செக்‌ஷன் சரக்கு 6063, அதாவது ஹெச்இ-9. மென்மை அதிகம், இழுத்துக்கிட்டு வரும். அதுல ஓட்டிப் பார்த்து இயந்திரத்தைக் குறை சொல்லக் கூடாது.

மில்_பக்கம்:
ரஃபிங்கை விட்டுக் கொடுக்கிறேன். பேரிங் குழிக்கு வாங்க. 22 ஹெச்7ங்கிற டாலரன்ஸ்னா (அனுமதிக்கிற அளவு வித்தியாசம்) 22.000லிருந்து 22.021 வரைக்கும். எக்ஸும் ஒய்யும் சேர்ந்து வட்டம் போடும்போது நாலு இடத்துல அச்சு திசை மாறும். அங்க ஸ்க்ரூவுல 0.03 ஆட்டம் இருந்தாலும் குழிச் சுவத்துல படி விழும், விரலை விட்டுத் தடவினாலே தெரியும். பேரிங் நாலு இடத்துல பிடிச்சு மத்த இடத்துல தொங்கும். மில்லுல போரிங் ஹெட் (துளையைச் சுத்திக் கடையற ஒத்தை முனைக் கருவி) மாட்டினா மேஜை அசையறதே இல்லை, வட்டம் ஸ்பிண்டில் போடுறது.

கேன்ட்ரி:
போரிங் ஹெட் கதை சரி அண்ணா, வட்டத்தன்மையில அதை ரவுட்டர் தொடாது. 608 ஒரு ஸ்டெப்பர் மோட்டார் தண்டுக்கு எதிர்முனை தாங்கப் போகுது, கிரைண்டிங் ஸ்பிண்டிலுக்கு இல்லை. செய்யற முறை இது: 21.7க்கு ரஃப். சூடு ஆற விடுங்க. பக்கத்துக்கு 0.1 எடுத்து முழு ஆழத்துக்கும் ஒரே சுத்து. அளந்துட்டு மீதியை ஆஃப்செட்ல (பாதையைத் தள்ளி வைக்கிற அளவுல) கொடுத்து இன்னொரு சுத்து. அப்புறம் எதையும் மாத்தாம அதே பாதையை மறுபடி ஓட்டுங்க. வளைஞ்ச கட்டர் விட்டு வெச்சதை அந்த வெத்துச் சுத்து எடுக்கும்.

ஆற விடறதை அசட்டை பண்ணாதீங்க. அறைச் சூட்டை விட 20 டிகிரி கூட இருக்கும்போது 22.020 அளந்த குழி ஆறினதும் 22.010 ஆயிடும், டாலரன்ஸ்ல பாதி போச்சு.

மில்_பக்கம்:
அளக்கிறது எதை வெச்சு? வெர்னியரை நம்பி 0.01 சொல்லக் கூடாது.

கேன்ட்ரி:
லேத்துல ரெண்டு பிளக் கடைஞ்சுக்கணும், 22.00 ஒண்ணு, 22.02 ஒண்ணு. முதல்து போகணும், ரெண்டாவது போகக் கூடாது.

புதுப்பட்டறை:
பெஞ்ச் மில்லை சிஎன்சி ஆக்குறது எவ்வளவு கஷ்டம்? மோட்டார் மாட்டி ஜிஆர்பிஎல் (சிஎன்சி ஓட்டுற மென்பொருள்) போர்டு போட்டா முடிஞ்சுதா?

ஸ்கிரேப்பர்:
இல்லைங்க, அங்கதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. பெஞ்ச் மில்லோட சொந்த ஸ்க்ரூவுல 0.1, 0.2 ஆட்டம் சாதாரணம். கையில ஓட்டும்போது எப்பவும் எதிர்வெட்டுல (பல் சுத்துற திசைக்கு எதிரா மேஜையைத் தள்ளி) போவோம், ஆட்டம் தெரியாது. சிஎன்சி பாதை கிளைம்ப் வெட்டுல (பல் சுத்துற திசையிலயே) போகும். கட்டர் மேஜையைத் தன் பக்கம் இழுக்கும், அந்த 0.2 தூரம் மேஜை குதிக்கும், பல் போச்சு. ஜிஆர்பிஎல்ல பேக்லாஷ் (அந்த ஸ்க்ரூ ஆட்டம்) ஈடு கிடையாது. லினக்ஸ்சிஎன்சி, மாக்3 மென்பொருள்ல உண்டு, ஆனா அது மேஜை இருக்க வேண்டிய இடத்தைத்தான் சரி பண்ணும், குதிக்கிறதைப் பிடிக்காது.

அதனால பால் ஸ்க்ரூ கட்டாயம். 1605 நட்டோட உடம்பு 28 மி.மீ., ஃபிளாஞ்சு (போல்ட் போடுற விளிம்பு) 48. சேடிலுக்கு (மேஜையைத் தாங்குற சறுக்குப் பாகம்) அடியில அவ்வளவு இடம் இருக்காது. சேடிலைக் குடையணும், இல்ல ஃபிளாஞ்சுல ஒரு பக்கம் தேய்க்கணும். குடைய இன்னொரு மில் வேணும்.

மில்_பக்கம்:
அது உண்மை. மாத்தற வேலை ரெண்டு மூணு மாசம் இழுக்கும். மாத்தி முடிச்சா இரும்பும் வெட்டலாம்னுதான் நான் அந்தப் பக்கம் நிக்கிறேன்.

புதுப்பட்டறை:
இரும்பு இப்பத் தேவையில்லை. தராசும் டயலும் எடுத்துக்கிட்டு ரவுட்டர் பார்க்கப் போறேன். 5 கிலோவுக்கு எவ்வளவு வரைக்கும் பரவாயில்லை?

ஸ்கிரேப்பர்:
எக்ஸ், ஒய் ரெண்டுலயும் 0.1க்குள்ள இருந்தா எடுங்க. 0.2 தாண்டினா விடுங்க. டயலை இடம் மாத்தி மாத்தி வெச்சுப் பாருங்க: ஸ்பிண்டில் கவ்வி, இசட் தட்டு, கேன்ட்ரிக் கால். அளவு எந்த ரெண்டு இடத்துக்கு நடுவுல குதிக்குதோ அங்கதான் தளர்வு. சில நேரம் நாலு போல்ட் இறுக்கினாலே பாதியாக் குறையும்.

ரெண்டு தட்டையும் வேற வேறயாப் பிடிக்காதீங்க. முதல்ல டவல் பின் (இடம் மாறாம நிறுத்துற உருளை ஆணி) ஓட்டை ரெண்டு போட்டு, ஒண்ணு மேல ஒண்ணா அதே பின்னுல உட்கார வெச்சு, அதே ஜீரோவுல 38.1ம் 22ம் எடுங்க. வெளி விளிம்பு வெட்டறது கடைசி.

கேன்ட்ரி:
எமர்ஜென்சி ஸ்டாப் ஸ்பிண்டில் மின்சாரத்தையும் வெட்டுதான்னு கடையிலேயே அமுக்கிப் பாருங்க. சில ரவுட்டர்ல அது போர்டை மட்டும்தான் நிறுத்தும், ஸ்பிண்டில் சுத்திக்கிட்டே இருக்கும்.